டைம் கீப்பரும் இருபத்து நாலு ஜோடியும்

செப்டம்பர் 1, ஞாயிறு

டயர் கம்பெனிக்காரன் வருசம் தவறாம குடுக்கற டைரி. ஜனவரியிலிருந்து இதுல எழுதுனது ரெண்டே சமாச்சாரம்: காஸ் சிலிண்டர் மாத்துன தேதி, அக்கா ஊட்டு எருமை கன்னு போட்ட தேதி. முதல் பக்கத்துல பேரு, வயசு, உத்தியோகம்னு கட்டம் போட்டிருந்தான். அதையும் இன்னைக்குத்தான் நிரப்புனேன். திருமூர்த்தி. முப்பத்தொம்பது. பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர். ரத்த வகை தெரியாது.

திடீர்னு எதுக்கு எழுதறேன்னா, பொழுது போகலை. அவ்வளவுதான்.

பொண்ணு பாக்கப் போயிருந்தோம், நானும் சாந்தாமணி அக்காவும். இது பதினாலாவது எடம். முன்ன பதிமூணு எடத்துலயும் என்னைப் பாத்துட்டு "சொல்லி அனுப்பறோமுங்க"ன்னாங்க. இன்னும் அனுப்பிட்டேதான் இருக்காங்க.

இது நஞ்சப்பாளையம். பேரு மேகலா, முப்பத்து மூணு வயசு, டவுன்ல ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலை. விவாகரத்தாயி நாலு வருசமாச்சு. ஆறு வயசுல ஒரு பொம்பளப் புள்ளை, சஷ்மிதா. அவங்கப்பா சின்னராசு, ரிட்டயர்டு லைன்மேன். ஊட்டுல இந்த மூணு பேருதான்.

காபிய அவங்கப்பாதான் கொண்டாந்தாரு. மேகலா எனக்கு எதுத்தாப்பல சேரப் போட்டு உக்காந்து, ஊசி குத்தறதுக்கு முன்னால சொல்ற மாதிரி நிதானமாச் சொன்னாங்க. "எனக்குப் புடிச்சாப் பத்தாதுங்க. ஆறு ஞாயித்துக்கிழமை வாங்க. பாப்பாவோட உக்காந்து வெளையாடுங்க. அவ்வளவுதான். எப்படியும் புரட்டாசியில யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டாங்க. ஆறு வாரம் முடிஞ்சதும் நான் பதில் சொல்றேன்."

அக்காவுக்குக் காபி புரையேறிப் போச்சு. பஸ்ஸுல வர்றப்ப, "மாப்பிள்ளைய மாமனார் பாப்பாரு, மாமியா பாக்கும், அட, பொண்ணே பாக்கட்டும். ஆறு வயசுப் புள்ளை மாப்பிள்ளை பாக்கறத இப்பத்தான்டா பாக்கறேன்"னு பொலம்பிட்டே வந்துச்சு.

எனக்கு இதுல பெரிய ஆர்வமெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழமை சும்மாதான இருக்கறோம்னு சரின்னுட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ரெண்டு சட்டை எடுத்தேன். இருந்ததுக்கெல்லாம் காலர் நைஞ்சு போச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

செப்டம்பர் 8, ஞாயிறு

முதல் ஞாயிறு. மூணு மணிக்குப் போனேன். மேகலா பச்சைச் சுடிதார் போட்டிருந்தாங்க. கண்ணுல பட்டுது, எழுதறேன்.

சஷ்மிதா கதவுக்குப் பின்னாலிருந்து ஒத்தக் கண்ணுல என்னைப் பாத்தா. முன்பல்லு ரெண்டும் இல்ல. "வெளையாடலாமா கண்ணு?"ன்னேன். உள்ள போயி ஒரு அட்டைப் பொட்டியத் தூக்கிட்டு வந்தா.

ஒலகத்துலயே சுலுவான ஆட்டம். நாப்பத்தெட்டு சின்ன அட்டை. இருபத்து நாலு படம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு. கட்டம் போட்ட பலகை மேல எல்லாத்தையும் கவுத்து வெக்கோணும். ஒரு தடவைக்கு ரெண்டப் பெரட்டலாம். ரெண்டும் ஒரே படமா இருந்தா எடுத்துட்டு இன்னொருக்கா பெரட்டலாம். இல்லீன்னா அதே எடத்துல கவுத்துட்டு அடுத்த ஆளுக்கு விட்டரோணும். எது எங்க இருக்குதுன்னு ஞாபகம் வெச்சிருந்தாப் போதும்.

ஞாபகமா! எனக்கா! ஒரு நாளைக்கு நூத்தி அறுவத்திரண்டு வண்டி நம்ம ஸ்டாண்டுக்குள்ள வந்துட்டுப் போகுது. எது எத்தனை மணிக்கு, எந்த வழி, எந்த டிரைவர்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பாவம் கொழந்தை, கொஞ்சம் விட்டுக்குடுத்து வெளையாடோணும்னு நெனச்சுட்டுத்தான் சம்மணம் போட்டு உக்காந்தேன்.

பத்தொம்பது, அஞ்சு. பத்தொம்பது அவளுக்கு.

அட கெரகமே! பலாப்பழத்த இப்பத்தான மேல் மூலையில பாத்தோம்னு பெரட்டுனா அங்க ஆமை படுத்துட்டிருக்குது. ஆமையோட ஜோடி இங்கதான்னு பெரட்டுனா குடை. அவளானா பாக்கறதே இல்ல, கூரையப் பாத்துட்டே கைய நீட்டி எடுக்கறா. கடைசியில செவப்பு பஸ் படம் ஒண்ணு. அதோட ஜோடிய நான் நாலு தடவ தேடி, அஞ்சாவது அவ எடுத்தா. "நீங்க பஸ் ஸ்டாண்டுலதான வேலை செய்யறீங்க?"ன்னு கேட்டா. எங்கிட்ட அவ பேசுன முதல் பேச்சே இதுதான்.

மேகலா சமையக்கட்டுக் கதவோரமா வாயப் பொத்திட்டு நின்னாங்க. சிரிச்சாங்களான்னு தெரியலை. தோளு குலுங்குச்சு.

"பரவால்லீங் தம்பி, என்னையும் இப்படித்தான் பண்ணுவா"ன்னு சின்னராசு ஆறுதல் சொன்னாரு. அவரக் கூப்படறதுக்கு ஒரு மொறை இல்லாமத் தவிக்கறேன். மாமான்னா அவசரப்படற மாதிரி இருக்குது. சார்னா கரண்ட் ஆபீசுல புகார் குடுக்கற மாதிரி இருக்குது. "ஏனுங்க, ஏனுங்க"ன்னே ஒப்பேத்திட்டு, நேத்து புள்ளையார் நோம்பிக்குச் செஞ்ச கொழுக்கட்டையில நாலு தின்னுட்டு, அஞ்சே முக்கால் வண்டிக்கு வந்துட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

பலாப்பழம் ரெண்டாவது வரிசையில நாலாவது. இப்ப ஞாபகம் வந்து என்ன பிரயோசனம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ரெண்டாவது ஞாயிறு. பதினேழு, ஏழு. பதினேழு அவளுக்குத்தான், கேக்கவே வேண்டாம்.

எனக்குத் தோத்தா மூஞ்சி செத்துப் போயிரும். சின்ன வயசுலிருந்தே அப்படித்தான். தாயத்துல அக்காகிட்டத் தோத்துட்டு சோழிய சாக்கடையில வீசியிருக்கேன். இன்னைக்கும் எவ்வளவோ அடக்கிப் பாத்தேன். சஷ்மிதா கிட்ட வந்து என்ற மூஞ்சிய உத்துப் பாத்தா.

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல கண்ணு."

"பொய்யி"ன்னா. அவ்வளவு சந்தோஷம் அந்தப் பொக்கை வாய்க்கு.

மேகலா எனக்குத் தேங்காப்பால் வெச்சிருந்தாங்க. "தோத்தவங்களுக்கு ரெண்டு டம்ளருங்க"ன்னாங்க. இந்தம்மாவுக்குக் குசும்பு உண்டு. நீலப் பொடவை.

செப்டம்பர் 18, புதன்

பஜார்ல அதே பொட்டி ஒண்ணு வாங்குனேன். கடைக்காரன் "கொழந்தைக்கு என்ன வயசுங்க?"ன்னான். முப்பத்தொம்பதுன்னா சொல்ல முடியும்? ஆறுன்னேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

டைம் ஆபீசுல மத்தியானம் வண்டி கொறைவு. பலகைய மேசையில விரிச்சு ஒத்தையில பழகிட்டிருந்தேன். கண்டக்டர் மயில்சாமி டிக்கெட் சீட்டுல கையெழுத்து வாங்க வந்தவன், "ஏப்பா மூர்த்தி, இது டைம் ஆபீசா, பால்வாடியா?"ன்னான். ரெண்டே நிமிசத்துல அவனும் உக்காந்துட்டான். அவனத் தேடிட்டு வந்த டிரைவரும் உக்காந்துட்டாரு. மூணு பேரும் ஆமைக்கு அடிச்சுக்கிட்டதுல, ரெண்டே காலுக்குக் கெளம்போணும்ங்கற சத்தியமங்கலம் வண்டி ரெண்டு இருபத்தொண்ணுக்குத்தான் கெளம்புச்சு.

ரிஜிஸ்டர்ல 'தாமதத்துக்குக் காரணம்'னு ஒரு கட்டம் இருக்குது. பதினோரு வருசத்துல என்னால அந்தக் கட்டம் நெறைஞ்சது இதான் முதல் தடவ. "நெரிசல்"னு எழுதுனேன். நெரிசல் டைம் ஆபீசுக்குள்ளன்னு எழுதலை.

ஆனா ஒரு வழி கெடச்சிருச்சு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வண்டியோட பேர வெச்சுட்டேன். மேல் வரிசை காலைல ஆறு மணி வண்டிக, அடுத்தது ஏழு மணி வண்டிக, இப்படியே. ஆமை ஆறு பத்து ஈரோடு. பலாப்பழம் ஏழு நாப்பது கவுந்தப்பாடி. இப்ப எது எங்கன்னு எனக்கு மறக்கவே மறக்காது. மயில்சாமிய இருபது நாலுன்னு அடிச்சேன். அவன் "இந்த மூளைய வெச்சுட்டு நீ கலெக்டராயிருக்கலாம்பா"ன்னுட்டுப் போனான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஜெயிச்சுட்டேன்! பதிமூணு, பதினொண்ணு! கடைசியா கெளி ஜோடிய எடுத்தப்ப கையத் தட்டிக்கூடப் போட்டேன், வெக்கமில்லாம.

தட்டி முடிச்சுட்டுப் பாத்தா ஊடே கம்முனு இருக்குது. சின்னராசு என்னை, கோயில் உண்டியல ஒடைச்சவனப் பாக்கற மாதிரி பாத்தாரு. சஷ்மிதா அட்டையெல்லாம் அடுக்கிப் பொட்டியில வெச்சா. பொட்டியோட கட்டிலுக்கடியில போயிப் படுத்துட்டா.

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தோம். கட்டிலுக்கடியிலிருந்து கொரல் மட்டும் வந்துச்சு. "அடுத்த வாரம் பாத்துக்கறேன்."

ஆறு வயசுப் புள்ளை எனக்கு மெரட்டல் உட்டிருக்குது. கதை முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன்.

மேகலா வாசல் கேட்டு வரைக்கும் வந்தாங்க. "நல்லாப் படிச்சுட்டு வந்தீங்களாட்ட இருக்குதே?"ன்னாங்க. கோவத்துல கேட்டாங்களா, கிண்டலுக்குக் கேட்டாங்களான்னு அஞ்சே முக்கால் வண்டி முழுக்க யோசிச்சுட்டே வந்தேன். புடிபடலை.

செப்டம்பர் 23, திங்கள்

அக்கா பூரிக்கட்டையோட வந்துச்சு. "ஆறு வயசுப் புள்ளைகிட்ட ஜெயிச்சுட்டு வந்திருக்கியாக்கும்? கப்பு ஏதாச்சும் குடுத்தாங்களா? பத்து வருசமா உன்ற சாதகத்தத் தூக்கிட்டு நான் ஏறாத படி இல்ல. இந்தப் பொண்ணு ஒண்ணுதான் உன்னை மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லாம உக்காத்தி வெச்சிருக்குது. அதையும் ஒரு ஆமைக்காகக் கெடுத்துட்டு வர்றியே, நீயெல்லாம் மனுசனாடா!"

"ஆமை இல்லக்கா, கெளி"ன்னேன். பூரிக்கட்டைய ஓங்கிருச்சு.

மயில்சாமியும் இதையேதான் சொன்னான். "கொழந்தைககிட்டத் தோத்தே போகோணும்பா. அதான மொறை. நான் என்ற பசங்ககிட்ட வருசமெல்லாம் தோக்கறேன்."

சரி. இந்த ஞாயிறு தோத்துப் போடலாம். தோக்கறது என்ன பெரிய வித்தையா, எனக்குத் தெரியாததா.

செப்டம்பர் 29, ஞாயிறு

நாலாவது ஞாயிறு.

அவ பலகையோட வாசல்லயே காத்துட்டிருந்தா. செருப்பக் கழட்டறதுக்குள்ள "வாங்க, வாங்க"ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனா. அது வரைக்கும் அவ என்னைத் தொட்டதே இல்ல.

எனக்கு எல்லாமே தெரிஞ்சுது. மாம்பழம் ஆறு நாப்பது பவானி, அதோட ஜோடி ஒம்பது அஞ்சு அந்தியூர். தெரிஞ்சே பக்கத்துக் கட்டத்தப் பெரட்டுனேன். "அடடா!"ன்னு தலையிலயும் அடிச்சுக்கிட்டேன். ஒரு தடவ, ரெண்டு தடவ. நடுவுல பழக்கதோசத்துல கைக்கடிகாரத்தப் பாத்தேன். அஞ்சு நிமிசத்துக்கொருக்கா பாக்கறது எங்க தொழில் வியாதி.

எட்டு, ரெண்டுன்னு இருக்கறப்ப அவ நிறுத்திட்டா.

"நீங்க பொய்யா வெளையாடறீங்க."

"இல்ல கண்ணு..."

"மாம்பழம் அங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். கண்ணு அங்கதான் போச்சு. கை மட்டும் இங்க வந்துச்சு."

பொட்டிய மூடுனா. ஓன்னு அழுதிருந்தாக்கூடத் தேத்தியிருக்கலாம். அழுகலை. உள்ள போயித் தாழ் போட்டுக்கிட்டா. சின்னராசு கதவத் தட்டுனாரு. மேகலா "விடுங்கப்பா"ன்னாங்க. என்னைப் பாத்தாங்க. அவங்க மூஞ்சி வாடிப் போச்சு. எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலை. கேட்டிருந்தாத் தேவலை.

என்ன பொடவைன்னு பாக்கலை.

அக்டோபர் 1, செவ்வாய்

மைக்குல அந்தியூர் வண்டிய மேட்டூர் வண்டின்னு சொல்லிட்டேன். ஒரு கல்யாணக் கூட்டமே மூட்டை முடிச்சோட ஏறி எறங்குச்சு. மாப்பிள்ளையோட மாமன் என்னைத் திட்டுனது ரெண்டு பிளாட்பாரத்துக்குக் கேட்டிருக்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

அக்டோபர் 4, வெள்ளி

இருக்குது. சம்பந்தம் இருக்குது.

அக்டோபர் 6, ஞாயிறு

அஞ்சாவது ஞாயிறு. போகறதா வேண்டாமான்னு ரெண்டு வண்டிய விட்டுட்டு மூணாவது வண்டியில ஏறுனேன்.

சஷ்மிதா தரையில குப்புறப் படுத்துப் படம் வரைஞ்சுட்டிருந்தா. என்னை நிமுந்து பாக்கலை. பொட்டி பீரோ மேல ஏறிப்போச்சு. சின்னராசு பாவம், சங்கடம் தாங்காம தெருவுல இருக்கற கம்பம் எல்லாம் எந்த வருசம் நட்டதுன்னு எனக்குச் சொல்லிட்டிருந்தாரு. மேகலா துணி காயப்போடப் பின்வாசலுக்குப் போயிட்டாங்க.

வடை தின்ன கையக் கழுவறதுக்கு நானும் பின்னால குழாய்க்குப் போனேன். அவ வரைஞ்ச தாளோட பின்னாலயே வந்து படியில உக்காந்தா. தாளப் பாத்துட்டேதான் பேசுனா.

"எங்கப்பா எப்பவும் தோத்துருவாரு."

நான் குழாய மூடுனேன்.

"சனிக்கிழமை வருவாரு. வேணும்னே தப்புத் தப்பா எடுப்பாரு. அப்பத்தான் நான் சட்டு சட்டுனு எடுப்பேன், சீக்கிரம் முடிஞ்சிரும். முடிஞ்சதும் 'நீதான் ராணி'ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருவாரு. கையக் கையப் பாப்பாரு, கடிகாரத்த. நீங்களும் பாத்தீங்க." கலர் பென்சில மாத்திக்கிட்டா. "இப்ப அவரு வர்றதில்ல."

பெரியவங்க சொல்ற மாதிரி எதையாச்சும் சொல்லலாம்னு வாயத் தொறந்தா, உண்மைதான் வந்து விழுந்துச்சு. போன வாரம் நான் தோத்தது சீக்கிரம் கெளம்பறதுக்கு இல்ல, நீ என்னை வர வேண்டாம்னு சொல்லிருவியோன்னு பயந்துட்டுன்னேன். அக்கா பூரிக்கட்டையோட வந்ததச் சொன்னேன். கடையில பொட்டி வாங்குனதச் சொன்னேன். கண்டக்டரும் டிரைவரும் டைம் ஆபீசுல உக்காந்து வெளையாடுனதையும், பஸ்ஸு ஆறு நிமிசம் தாமதமா போனதையும் சொன்னேன்.

பென்சில் நின்னுருச்சு. "பெரிய கண்டக்டரா? பையெல்லாம் மாட்டிட்டா?"

"பையெல்லாம் மாட்டிட்டுத்தான்."

"பஸ்ஸுல இருந்தவங்க?"

"திட்டுனாங்க."

பென்சிலக் கீழ வெச்சா. "அடுத்த வாரம் நிஜமா வெளையாடுவீங்களா?"

"நிஜமா."

"தோத்தா மூஞ்சிய உம்முனு வெச்சுக்கோணும். சும்மா சிரிக்கக் கூடாது."

"அது எனக்குத் தானா வரும் கண்ணு"ன்னேன்.

நிமுந்து பாத்தா, ஈரத் துணிக்குப் பின்னால மேகலா நிக்கறாங்க. எவ்வளவு நேரமா நின்னாங்களோ. கெளம்பறப்ப சத்தமில்லாமச் சொன்னாங்க. "அவங்கப்பனப் பத்தி ஒரு வருசமா அவ வாயே தொறக்கலைங்க. எங்கிட்டக்கூட."

எழுதியே வெச்சுடறேன், யாரு படிக்கப் போறாங்க. எனக்கு இது வேணும். அந்த ஊடு வேணும், கூரையப் பாத்துட்டே அட்டை எடுக்கற அந்தப் புள்ளை வேணும், தோத்தவனுக்கு ரெண்டு டம்ளர் குடுக்கற அவங்க வேணும். சும்மா இருக்கறோம்னு போகலை. முதல் நாளே சும்மா போகலை. இன்னும் ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி.

அக்டோபர் 9, புதன்

ஆயுத பூசை லீவு முடிஞ்சு திரும்பற கூட்டத்துக்காக, ஞாயித்துக்கிழமை எனக்கு ஸ்பெஷல் டூட்டி போட்டிருக்காங்க! வேற நாளே கெடைக்கலையா இவங்களுக்கு!

அக்டோபர் 10, வியாழன்

மாத்தியாச்சு. பதிலுக்கு தீபாவளிக்கு மூணு நாளும் நானே பாக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். "ஒரு ஞாயித்துக்கிழமைக்கு மூணு தீபாவளியா, அப்படி என்னப்பா வேலை?"ன்னு மேலாளர் கேட்டாரு. "போட்டி இருக்குதுங்க"ன்னேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆறாவது ஞாயிறு. கடிகாரத்த மேசை மேலயே வெச்சுட்டுப் போனேன்.

பஸ்ஸுல நிக்க எடமில்ல, ஒத்தக் கால்ல நின்னுட்டுப் போனேன். பொட்டி பீரோ மேலிருந்து எறங்கியிருந்துச்சு. பலகையும் விரிச்சாச்சு. அவ ரெட்டை ஜடை போட்டு, சண்டைக்குப் போற மாதிரி உக்காந்திருந்தா.

முதல் ஆட்டம் நான். பதிமூணு, பதினொண்ணு. விட்டுக்குடுக்கலை. சின்னராசு பெருமூச்சு விட்டாரு. அவ "இன்னொண்ணு"ன்னா.

ரெண்டாவது அவ. பதினாலு, பத்து. சுவத்தோரமா நின்னுட்டிருந்த மேகலா இப்ப தரையில வந்து உக்காந்துட்டாங்க.

மூணாவது ஆட்டம். அட சாமி! பதினொண்ணு, பதினொண்ணு. பலகையில நாலே நாலு அட்டை. மொறை என்னோடது. மிச்சம் இருக்கறது யானையும் கூஜாவும்னு எனக்குத் தெரியும். கீழ் வரிசை ஓரத்தப் பெரட்டுனேன், யானை. அதோட ஜோடி எட்டு இருபது சத்தியா, எட்டு முப்பது புளியம்பட்டியா? எட்டு இருபதுதான், அடிச்சுச் சொல்லுவேன். பெரட்டுனேன். கூஜா.

அவ கைய நீட்டி ரெண்டு ஜோடியையும் வழிச்சு எடுத்துக்கிட்டா. பதிமூணு, பதினொண்ணு.

"நீ கால ஆட்டிட்டே இருந்த! கவனம் செதறிப் போச்சு. இது செல்லாது"ன்னேன். சத்தமாவே சொல்லிட்டேன், ஆறு வயசுப் புள்ளைகிட்ட. காதெல்லாம் சூடாயிருச்சு. எட்டு இருபதுன்னு அவ்வளவு உறுதியா இருந்தேன்! அவ எந்திரிச்சு வந்து, மூக்கு இடிக்கற மாதிரி என்ற மூஞ்சிய உத்துப் பாத்தா. இந்தக் கண்ணு, அந்தக் கண்ணுன்னு மாத்தி மாத்திப் பாத்தா.

"அம்மா! நிஜமாவே கோவம்! நிஜமாவே தோத்துட்டாங்க!"

ஊட்டச் சுத்தி ஓடுனா. கட்டில் மேல ஏறிக் குதிச்சா. வாசலுக்குப் போனா, வந்தா, மறுபடி போனா. சின்னராசு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு.

அப்பறம் ஒண்ணும் இல்ல. ஆறு ஞாயிறும் முடிஞ்சுது. யாரும் எதையும் சொல்லலை. நான் சட்டையத் தட்டி விட்டுட்டு எந்திரிச்சேன். "போயிட்டு வரட்டுங்களா?"ன்னேன். மேகலா "சரிங்க"ன்னாங்க. வெறும் சரிங்க. எனக்குப் பொக்குன்னு போச்சு. பதில்னா ஆள் மூலமா சொல்லி அனுப்புவாங்களாட்ட இருக்குது, பதிமூணு எடத்துலயும் அனுப்புன மாதிரின்னு நெனச்சுட்டே வாசலுக்கு வந்தேன்.

செருப்பு ஒண்ணுதான் இருந்துச்சு.

படிக்கடியில பாத்தேன். பூந்தொட்டிக்குப் பின்னால பாத்தேன். சின்னராசு "நாயி தூக்கிட்டுப் போயிருக்கும், அந்தச் செம்பட்டை நாயி"ன்னு தடியோட தெருவுல எறங்கிட்டாரு. சஷ்மிதா மட்டும் தேடலை. தூணோட தூணா நிமுந்து நின்னுட்டிருந்தா.

"நீ பாத்தியா கண்ணு?"

"நான் எடுக்கலை. எனக்குத் தெரியாது." கூரையப் பாத்துட்டே, "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து தேடிப் பாருங்க. ஒருவேளை கெடைக்கும்"ன்னா.

மேகலாவப் பாத்தேன். அவங்க நடையில, அழுக்குத் துணிக் கூடைக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க. கூடைக்குள்ளிருந்து என்ற செருப்போட வாரு ஒரு வெரல் நீளத்துக்கு வெளிய நீட்டிட்டிருந்துச்சு. நான் பாத்தேன். நான் பாத்தத அவங்களும் பாத்தாங்க. கொடியிலிருந்து ஒரு துண்ட எடுத்துப் பொறுமையா அது மேல போட்டாங்க.

"எங்கயும் காணோமுங்களே"ன்னாங்க.

மஞ்சப் பொடவை. செவப்புக் கரை.

இருந்த ஒத்தச் செருப்பையும் வாசல்லயே நல்லா ஓரமா வெச்சுட்டு, வெறுங்காலோட பஸ் ஏறுனேன். எந்த வண்டி, எத்தனை மணின்னு கேட்டாத் தெரியாது. அக்கா என்ற ஊட்டு வாசல்லயே நின்னுட்டிருந்துச்சு.

"என்னடா, அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"செருப்பக் காணோம்னு சொன்னாங்க"ன்னேன்.

அக்கா என்ற காலப் பாத்துச்சு. மூஞ்சியப் பாத்துச்சு. "அந்தப் புள்ளை ஒளிச்சு வெச்சுருச்சா?"ன்னுச்சு. தலையாட்டுனேன். அவ்வளவுதான், முந்தானைய வாயில வெச்சுட்டு ஓன்னு அழுக ஆரம்பிச்சிருச்சு.